அநீதிக்கு எதிரே நிற்பது: கிறிஸ்தவ விசுவாசமும் அறத்துணிவும் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஓரியூர் மண் சிவப்பு. திருவாடானை வட்டத்தில் இருக்கும் அந்த ஊருக்குத் தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் கையளவு மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு திரும்புவார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டிக் கொல்லப்பட்டவர் ஜான் தெ பிரிட்டோ. லிஸ்பனில் பிறந்து, மறவர் சீமைக்கு வந்து, அருளானந்தர் என்று பெயர் கொண்ட சேசு சபைத் துறவி. அந்த மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே பலரும் சொல்வது இது: "அவரெல்லாம் புனிதர். நமக்கு அந்தத் தைரியம் எங்கே வரும்?"

இதற்கு நேர் மாறான பேச்சும் உண்டு. "ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார் இயேசு. பொறுத்துப்போவதுதான் வேதக்காரருக்கு அழகு." முதல் பேச்சு துணிவைக் கோபுர உச்சியில் ஏற்றி வைக்கிறது, நம் கைக்கு எட்டாது. இரண்டாவது பேச்சு துணிவே தேவையில்லை என்கிறது. இரண்டிலும் கடைசியில் அநீதி செய்தவர் நிம்மதியாக இருக்கிறார். கிறிஸ்தவ மரபு உண்மையில் சொல்வது இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மாட்டின் திமிலும் டீக்கடை குவளையும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் சிராவயல். தை மாதம் அங்கே மஞ்சுவிரட்டு. ஓடிவரும் காளையின் திமிலைப் பிடிக்கிற இளைஞனுக்குக் குடல் சரியலாம், உயிரே போகலாம். அவனிடம் இருப்பது உடல்வீரம். ஆனால் அவன் பாய்வதை ஊரே பார்க்கிறது. பிடித்தால் பெயர், விழுந்தாலும் தூக்கிவிட ஆள் இருக்கிறது.

அதே இளைஞன் மறுநாள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருக்காரருக்கு மட்டும் தனிக் குவளையில் டீ கொடுக்கிறார்கள். "எல்லாருக்கும் ஒரே கிளாஸில் கொடுங்கள் அண்ணே" என்று சொல்ல வேண்டும். இங்கே காளை இல்லை, கொம்பு இல்லை. ஆனாலும் நா எழவில்லை. ஏன்? சொன்னால் கைதட்ட யாரும் இல்லை. பகைத்துக்கொள்ள வேண்டியது வேற்றாளை அல்ல. மாமாவை, சித்தப்பாவை, கூட்டாளியை. கல்யாணத்துக்கு அழைப்பு வராமல் போகும், கடை பாக்கியை உடனே கட்டச் சொல்வார்கள், பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

அறத்துணிவு என்பது இந்த இரண்டாவது வகை. சரி என்று அறிந்ததை, தன் ஆட்களின் மதிப்பையும் தன் வசதியையும் இழக்க நேரும் என்று தெரிந்தும் செய்வது. உடல்வீரம் உள்ளவரிடம் இது இல்லாமல் இருக்கலாம். ஒல்லியான, கூச்சமுள்ள ஒரு சத்துணவு ஆயாவிடம் நிறைய இருக்கலாம்.

பயமே இல்லாதிருப்பது அறத்துணிவு என்று நினைப்பதும் தவறு. "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை" என்று வள்ளுவர் சொன்னதைக் கிறிஸ்தவ இறையியலும் வேறு வார்த்தையில் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர், துணிவுக்கு எதிரான குறைகளை எண்ணும்போது கோழைத்தனத்தோடு அச்சமின்மையையும் கண்மூடித் துணிச்சலையும் சேர்த்தே எண்ணினார். இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில் அஞ்சினார், கலங்கினார், வியர்வை இரத்தத் துளிகள் போல விழுந்தது என்று நற்செய்தி எழுதுகிறது. பயந்ததை மறைக்கவில்லை. பயத்தோடு எழுந்து நடந்தார்.

மனச்சாட்சியும் ஐந்தொகையும்

அறத்துணிவுக்கு முதல் உறுப்பு மனச்சாட்சி. இந்தச் சொல்லையும் நாம் தளர்வாகவே பயன்படுத்துகிறோம். "என் மனசுக்குச் சரின்னு படுது" என்பது மனச்சாட்சி ஆகிவிடாது. கிறிஸ்தவ மரபில் மனச்சாட்சி ஓர் உணர்ச்சி அல்ல, ஒரு தீர்ப்பு: இந்தச் செயல், இந்த இடத்தில், சரியா தவறா என்று அறிவு தனக்குள்ளே கொடுக்கும் தீர்ப்பு.

நகரத்தார் கணக்குமுறை தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அன்றாடக் குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றி, பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் நிம்மதி. ஆனால் பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரியும், ஐந்தொகை ஒத்துப்போனதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு வரவை வேறொருவர் பெயரில் ஏற்றியிருந்தால் கூட்டுத்தொகை அப்போதும் ஒத்துப்போகும். ஒரு வரவை எழுதவே இல்லை என்றாலும் ஒத்துப்போகும். தவறு கீழே, முதல் பதிவிலேயே இருக்கிறது.

மனச்சாட்சியும் அப்படித்தான் பிசகும். சிலரை மனிதக் கணக்கிலேயே ஏற்றாத ஊரில் வளர்ந்தவருக்கு மனம் உறுத்துவதில்லை. அதனால் அவர் நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ உடனே முடிவு கட்ட முடியாது. அவருடைய முதல் பதிவு தவறு. அதைத் திருத்த விவிலியம் ஒரு வரியைக் கையில் கொடுக்கிறது: கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்தார். எந்த மனிதரையும் விட்டுவைக்காத பதிவு இது. இதை ஏற்றிய பிறகு கணக்கெடுத்தால் பழைய ஐந்தொகை ஒத்துப்போகாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: அறத்துணிவு என்பது இழப்பு தெரிந்தும் சரியானதைச் செய்வது. அதற்கு முதலில் எது சரி என்று தீர்ப்பளிக்கும் மனச்சாட்சி வேண்டும். அந்த மனச்சாட்சியையும் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும்.

அநீதி முத்திரை குத்திய காகிதத்தில் வரும்

அநீதி என்றவுடன் ஒரு கெட்ட மனிதரின் முகம் மனதில் வருகிறது. பெரும்பாலும் அது அப்படி இருப்பதில்லை. விவிலியத்தில் அரசர்கள் முதல் நூல், 21ஆம் அதிகாரம் இதற்குச் சரியான பாடம். ஆகாபு அரசனுக்கு அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்த நாபோத்தின் திராட்சைத் தோட்டம் வேண்டும். நாபோத்து பாட்டன் சொத்தை விற்க மறுக்கிறார். அரசி ஈசபேல் ஆள் வைத்து வெட்டவில்லை. அரச முத்திரையிட்டுக் கடிதம் எழுதுகிறாள், ஊர்ப் பெரியவர்கள் நோன்பு அறிவிக்கிறார்கள், சட்டம் கேட்கும் 2 சாட்சிகள் வருகிறார்கள், கடவுளையும் அரசனையும் பழித்தார் என்று தீர்ப்பு, கல்லெறிந்து கொலை. ஒவ்வொரு படியும் முறைப்படி நடந்தது. எலியா இறைவாக்கினர் வந்து "கொலை செய்து கொள்ளையும் அடித்தாயோ?" என்று கேட்கும்வரை அது அநீதியாகவே யாருக்கும் தெரியவில்லை.

இப்படிப் பலர் தங்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ய, அதன் மொத்த விளைவாக ஒருவர் நசுங்குவதை அமைப்புசார்ந்த அநீதி என்கிறோம். நம் சீமையிலேயே எழுதிவைத்த சான்று உண்டு. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் விதித்தார்கள்: தங்கம் வெள்ளி நகை அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக் கூடாது, சட்டை பனியன் கூடாது, குடை செருப்பு கூடாது என்று போகிறது பட்டியல். 1931 ஜூனில் அது 11 ஆனது. தண்ணீரை மண்பானையில்தான் எடுக்க வேண்டும், பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடு மேய்க்க வேண்டும் என்பவை அதில் சேர்ந்தன. விதித்தவர்களில் பலரும் தங்களை ஊர் ஒழுங்கைக் காப்பவர்களாகவே நினைத்திருப்பார்கள். அநீதியை அடையாளம் காண்பதே கடினமாக இருப்பதற்கு இதுதான் காரணம்: அது வழக்கம் என்ற வேட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறது.

விசுவாசம் இதில் என்ன சேர்க்கிறது

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அறத்துணிவோடு இருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. அப்படியானால் விசுவாசம் கூடுதலாக என்ன செய்கிறது?

ஒன்று, பயத்துக்குப் போட்டியாக இன்னொரு பயத்தை வைக்கிறது. விடுதலைப் பயணம் நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்று இரண்டு மருத்துவச்சிகள். எபிரேய ஆண் குழந்தைகளைப் பிறந்தவுடன் கொல்லும்படி பார்வோன் கட்டளையிடுகிறான். அவர்கள் கடவுளுக்கு அஞ்சியதால் கொல்லவில்லை. அந்த அதிகாரத்தில் பார்வோனுக்குப் பெயர் இல்லை; மருத்துவச்சிகளுக்குப் பெயர் இருக்கிறது. அதிகாரம் யாரிடமிருந்தாலும் அதற்கு மேல் ஒரு நீதிமன்றம் உண்டு என்ற எண்ணம் கட்டளைகளை எடைபோட்டுப் பார்க்கும் இடத்தைக் கொடுக்கிறது. "மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும்" என்று பேதுரு, யூதர்களின் நீதிமன்றமான தலைமைச் சங்கத்தின் முன் சொன்னதும் இதுவே.

இரண்டு, வெற்றியோடு கணக்கை முடிச்சுப் போடுவதில்லை. தானியேல் நூலில் மூன்று இளைஞர்கள் தீச்சூளை முன் நின்று அரசனிடம் சொல்கிறார்கள்: எங்கள் கடவுள் எங்களை மீட்க வல்லவர், அப்படி அவர் மீட்காவிட்டாலும் உம் சிலையை வணங்க மாட்டோம். அந்த "மீட்காவிட்டாலும்" என்ற சொல்லில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நேர்ச்சை வைத்தால் பலன் கிடைக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது. எதிர்நோக்கு என்பது காரியம் கைகூடும் என்ற ஊகம் அல்ல. கைகூடாவிட்டாலும் செய்தது வீண்போகாது என்ற உறுதி.

மூன்று, தோற்றவருக்குத் திரும்பும் வழி. பேதுரு ஒரே இரவில் மூன்று முறை மறுதலித்தார், அதுவும் ஒரு பணிப்பெண் கேட்ட கேள்விக்கு. திருச்சபை அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. முதல் முறை வாய் திறக்க முடியாமல் போனவர் இனி எப்போதும் கோழை என்று முடிவு கட்டத் தேவையில்லை என்பதற்கு அதைவிட வலுவான ஆதாரம் இல்லை.

யாருடைய கன்னம்?

மறு கன்னம் பற்றிய வசனத்துக்கு இப்போது வரலாம். அதில் "உன்" வலக்கன்னம் என்று இருக்கிறது. அடிபடுகிறவர் தானே எடுக்கும் முடிவைப் பற்றிய பேச்சு அது. பக்கத்து வீட்டுப் பெண் அடிவாங்கும்போது அவள் கன்னத்தை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. "பொறுத்துக்கொள்ளம்மா, இயேசு அப்படித்தான் சொன்னார்" என்று வேறொருவருக்குச் சொல்வது அந்த வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

இன்னொன்று: வலக்கையால் ஒருவரின் வலக்கன்னத்தில் அடிக்க வேண்டுமென்றால் புறங்கையால்தான் அடிக்க முடியும். அது அடிமைகளையும் கீழாக நினைத்தவர்களையும் அவமதிக்கும் அடி என்றும், இடக்கன்னத்தைக் காட்டுவது "என்னைச் சமமானவனாக நடத்து" என்று நிமிர்ந்து நிற்பது என்றும் சில விவிலிய அறிஞர்கள் விளக்குகிறார்கள். இந்த விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் இயேசுவே அறை வாங்கிய இடத்தைப் பாருங்கள். தலைமைக் குருவின் காவலர் ஒருவர் கன்னத்தில் அறைந்தபோது அவர் திருப்பி அடிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. "நான் தவறாகப் பேசியிருந்தால் தவறு என்னவென்று காட்டும்; சரியாகப் பேசியிருந்தால் ஏன் என்னை அடிக்கிறீர்?" என்றார். பதிலடி இல்லை, கேள்வி உண்டு.

உரோமையர் 13ஆம் அதிகாரத்தை, அதிகாரத்துக்குப் பணிந்திருங்கள் என்பதை, எடுத்துக் காட்டுவோரும் உண்டு. அதை எழுதிய பவுலே பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். மறுநாள் "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்று ஆளனுப்பியபோது, உரோமைக் குடிமக்களான எங்களை அடித்தவர்களே வந்து வெளியே கூட்டிச் செல்லட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். அதிகாரிகள் வந்தார்கள். சட்டத்துக்குப் பணிவதும் சட்டத்தை அதிகாரிக்கு நினைவூட்டுவதும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

ஆத்தங்குடிக் கல்: தாங்கும் பலம் எப்படி வருகிறது

துணிவுக்கு இரண்டு செயல் உண்டு என்கிறார் அக்குவினாஸ்: எதிர்த்துச் செல்வது, தாங்கி நிற்பது. இரண்டில் தாங்கி நிற்பதே முதன்மை என்றும் சொல்கிறார். பாய்வதற்கு ஒரு நிமிடச் சூடு போதும். தாங்குவதற்கு நாட்கணக்கில் பலம் வேண்டும், அதுவும் எதிராளி நம்மைவிட வலுவானவராகத் தோன்றும்போது.

அந்தப் பலம் எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்க்கலாம். அதைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை வடிவத்துக்குள் ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். ஒரு நாள் விட்டு, தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறவிடுகிறார்கள். சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். அவசரப்பட்டு வெயிலில் காயவைத்தால் விரிசல் விடும். பூவேலை அவ்வளவு நேரமும் கீழ்ப்பக்கம் கவிழ்ந்தே கிடக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதுதான் தெரியும்.

அறத்துணிவைப் பலரும் சூளைச் சரக்காக நினைக்கிறார்கள்: பெரிய நெருப்பு வந்தால் தானாக வந்துவிடும் என்று. உண்மையில் அது ஊறும் சரக்கு. செபம், சிறு சிறு நேர்மைகள், தவறை ஒத்துக்கொள்ளும் பழக்கம், நம்பத்தக்க நாலைந்து பேர். இவற்றில் ஊறாமல் வீதிக்கு வந்தவர் முதல் வாரம் முழங்குவார், மூன்றாம் வாரம் காணாமல் போவார்.

தேவசகாயம் பிள்ளை ஓர் எடுத்துக்காட்டு. 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் பிடிபட்டது முதல் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுடப்படும் வரை சுமார் மூன்று ஆண்டுகள் விலங்கோடு அலைக்கழிக்கப்பட்டார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதும் அவர்மீது இருந்த பகைக்கு ஒரு காரணம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் கதையில் துப்பாக்கி வெடித்தது ஒரு நொடி. மீதி எல்லாம் தாங்கல்.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் பேருந்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 தொடங்கி 381 நாட்கள் பேருந்தில் ஏறவில்லை. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஏற்றிச் சென்றார்கள், கோவில்களில் கூடிச் செபித்தார்கள். பேச்சாளர் மார்ட்டின் லூதர் கிங்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. செருப்புத் தேய நடந்தவர்கள் இல்லாமல் அந்தப் பேச்சுக்கு எடை இல்லை.

சுருக்கிச் சொன்னால்: எதிர்ப்பது துணிவின் ஒரு பாதி, சிறிய பாதி. தாங்குவது பெரிய பாதி. அது முன்கூட்டியே ஊறிச் சேர்வது, தனியாகச் சேர்வதில்லை.

படிகளின் வரிசை

1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து கிங் ஒரு கடிதம் எழுதினார். பொறுத்திருங்கள் என்று அறிக்கை விட்ட 8 சமயத் தலைவர்களுக்குப் பதில் அது. அதில் வன்முறையற்ற போராட்டத்துக்கு 4 படிகள் சொல்கிறார்: அநீதி உண்டா என்று தகவல் திரட்டுவது, பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மை செய்துகொள்வது, நேரடி நடவடிக்கை. நேரடி நடவடிக்கை என்பது, பேச மறுப்பவரைப் பேச்சுக்கு வரவைக்க அமைதியாகக் கொடுக்கும் அழுத்தம்: மறியல், உள்ளிருப்பு, புறக்கணிப்பு. மூன்றாம் படியை நாம் பெரும்பாலும் தாண்டிவிடுகிறோம். பர்மிங்காமில் அதற்குப் பயிற்சி வகுப்பே நடந்தது. அடி விழுந்தால் திருப்பி அடிக்காமல் ஏற்க முடியுமா, சிறைவாசத்தைத் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்பவருக்கு வேறு வேலை இருந்திருக்கும்; அது அவமானமும் இல்லை.

ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற லூத்தரன் இறையியலாளர், அரசு அநீதி செய்யும்போது திருச்சபைக்கு 3 கடமைகள் உண்டு என்று எழுதினார். அரசைக் கேள்வி கேட்பது. நசுங்கியவர் எந்த மதத்தவரானாலும் உதவுவது. அது போதாதபோது நசுக்கும் சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது. பல சபைகள் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன. நிவாரண அரிசி கொடுப்போம், ஏன் பட்டினி என்று கேட்க மாட்டோம். போன்ஹோஃபர் 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஒரு காளவாசலில் இதைப் பொருத்திப் பார்த்தால்

செங்கல் காளவாசல் ஒன்றில் வெளியூர்க் குடும்பம் வேலை செய்கிறது. முன்பணம் வாங்கியிருக்கிறார்கள், இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஞாயிறு பூசைக்கு வரும் ஒருவருக்கு இது தெரியவருகிறது. என்ன செய்வது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை: முன்பணம் எவ்வளவு, எந்த மாதம், மேஸ்திரி மூலமா நேரடியா. ஆயிரம் கல்லுக்குப் பேசிய கூலி என்ன, கையில் வருவது என்ன, கழிவு போக வாரச் செலவுக்கு எவ்வளவு. கணக்கு நோட்டு யாரிடம். ஆதாரும் ரேஷன் அட்டையும் யாரிடம். சாவு, கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போக விடுகிறார்களா, இல்லை மனைவி பிள்ளைகளைப் பிணை வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமா. வேறு காளவாசலுக்கு மாறினால் என்ன ஆகும். தேதி போட்டு எழுத வேண்டும். மத்திய அமெரிக்காவின் எல் சால்வதோர் நாட்டில், சான் சால்வதோர் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ ஞாயிறு மறையுரைகளில் காணாமல் போனவர்களின் பெயர், இடம், தேதியை வாசித்தார். அவரது சட்ட உதவி அலுவலகம் ஒவ்வொன்றையும் சரிபார்த்திருந்தது. அவர் பேச்சை ஆட்சியாளர்கள் அஞ்சியதற்கு அந்தத் துல்லியமும் காரணம். 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நடத்தும்போது சுடப்பட்டார்.

இரண்டாவது, சட்டத்தின் பெயர். முன்பணத்துக்கு ஈடாக உழைப்பவர், வேறு வேலைக்குப் போகும் உரிமை, நடமாடும் உரிமை, குறைந்தபட்சக் கூலி, தன் உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை ஆகியவற்றில் ஒன்றை இழந்தாலும் அது கொத்தடிமை முறை. 1976ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. வைத்திருப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை. காரைக்குடிப் பகுதிக்கு மனு போக வேண்டிய இடம் தேவகோட்டை வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சிவகங்கை மாவட்ட ஆட்சியர். கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்று தருவார். அந்தக் காகிதம் இல்லாமல் வெளியே வந்தால் கடன் தீர்ந்ததற்குக் கையில் சான்று இருக்காது, மறுவாழ்வு நிதி கிடைக்காது. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை பெற வழி உண்டு. இலவசச் சட்ட உதவிக்குத் தொலைபேசி எண் 15100.

மூன்றாவது, வரிசை. இங்கேதான் நல்ல மனமுள்ளவர்கள் தடுமாறுகிறார்கள். மத்தேயு 18ஆம் அதிகாரம், குற்றம் செய்த சகோதரரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறது. அதை நினைத்து முதலாளியிடம் போய் நியாயம் கேட்டால், அன்று இரவே அந்தக் குடும்பம் லாரியில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அந்த வசனம் "உனக்கு எதிராக" ஒருவர் செய்த குற்றத்தைப் பற்றியது, இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும்போது. பலவீனர் ஒருவர் பலசாலியின் பிடியில் இருக்கும்போது முதல் பேச்சு அந்தப் பலவீனரோடு. அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் மனு எழுதக் கூடாது. வெளியே வந்தால் தங்க இடம், பத்து நாள் அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளி என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மனுவைக் கொடுக்க வேண்டும்.

எங்கே பிசகுகிறது

காளவாசல் முன் நின்று படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது. முகம் தெரிந்தவர்களுக்கு அடி விழும்; சாட்சி கலைந்துவிடும். தனியாகப் போவது; மூன்று பேராவது வேண்டும், ஒருவர் எழுத, ஒருவர் பேச, ஒருவர் குடும்பத்தோடு இருக்க. "பேசித் தீர்த்துக்கலாம்" என்று ஊர்ப் பெரியவர் கொடுக்கும் தொகையை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வாங்கி வைப்பது.

இவற்றைவிட ஆழமான பிசகு வெறுப்பு. எதிராளியை ஒழிக்க வேண்டும் என்று தொடங்கினால், அவர் மனம் மாறி வந்தாலும் நமக்குப் பிடிக்காது. நாத்தான் இறைவாக்கினர் தாவீது அரசனின் குற்றத்தை ஓர் ஆட்டுக்குட்டிக் கதையாகச் சொன்னார். தீர்ப்பை அரசன் வாயிலிருந்தே வரவைத்தார். தாவீது உடைந்து திருந்த அது வழி விட்டது.

துன்பப்படுவதே நியாயத்துக்குச் சான்று என்று நினைப்பதும் பிசகு. அருளானந்தர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர், மறவர் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப்பெண். அவர் கொண்டுபோன முறையீடுதான் கைதுக்கு வழிவகுத்தது. அருளானந்தரின் மன உறுதி பெரியது. விலக்கப்பட்ட பெண்களுக்கு நேர்ந்த இழப்பும் உண்மை. ஓரியூர் மறையுரைகளில் அதையும் பேச வேண்டும் என்பது இதை எழுதுகிறவரின் உறுதியான எண்ணம்.

தன் வீட்டு அழுக்கைத் தொடாமல் ஊர் அழுக்கைப் பேசுவது எல்லாவற்றிலும் பெரிய பிசகு. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னர் எழுந்த கோவிலுக்குள் சாதிகளைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது, வேண்டும் என்றவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். சுவர் போனது. தனிக் கல்லறை, தேர் வராத தெரு என்று சுவரின் மிச்சங்கள் இன்னும் பல பங்குகளில் நிற்கின்றன. போதாததற்கு, 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. அதனால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவர் கொடுக்கும் புகார் நிற்பது கடினம். புகார் எழுதும்போது பொதுக் குற்றவியல் பிரிவுகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். வெளியே சட்டம் கைவிடும் இவரைக் கோவிலும் கைவிட்டால் அவர் போக இடமில்லை.

ஓடிப்போகலாமா?

புதிதாக வருகிறவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மிரட்டல் வந்தால் ஒதுங்கிக்கொள்வது துரோகமா? இல்லை. "ஒரு நகரில் உங்களைத் துன்புறுத்தினால் வேறு நகருக்கு ஓடிப்போங்கள்" என்று சீடர்களிடம் சொன்னவர் இயேசுதான். சாவைத் தேடிப்போவதைத் தொடக்கத் திருச்சபையே ஊக்குவிக்கவில்லை. இரத்தசாட்சி என்பது தேடிப் பெறும் பட்டம் அல்ல. விலக வழி இருந்தும் விலகினால் வேறொருவர் நசுங்குவார் அல்லது உண்மையை மறுக்க வேண்டிவரும் என்ற இடத்தில் நின்றதால் நேர்வது. ஆகவே கேட்டுப் பார்க்க வேண்டியது: நான் விலகினால் அடி யார்மேல் விழும்? யார்மேலும் இல்லை என்றால் விலகலாம். காளவாசல் குடும்பத்தின் மேல் என்றால், அவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பிறகு விலகலாம். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தமஸ்கு நகரில் பவுலைக் கொல்ல வாயில்களில் இரவும் பகலும் காவல் இருந்தார்கள். சீடர்கள் இரவோடு இரவாக அவரை ஒரு கூடையில் உட்காரவைத்து மதில் வழியாகக் கீழே இறக்கிவிட்டார்கள். மதில்மேல் நின்று அந்தக் கூடையை இறக்கியவர்கள் யார் யார் என்று திருத்தூதர் பணிகள் நூல் எழுதிவைக்கவில்லை.